சிவில் த்ரீடியில் ப்ரொஃபைலும் குறுக்குவெட்டும் மாற மறுத்தால்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சாலை டிசைன் ஒரே தடவையில் முடிவதில்லை. பாலத்தின் லெவல் மாறும். நிலம் எடுப்பதில் சிக்கல் வந்து அலைன்மென்ட் (சாலையின் மையக்கோடு) அரை மீட்டர் நகரும். சர்வே குழு விடுபட்ட இடத்துக்குப் புதுப் புள்ளிகள் அனுப்பும். ஒவ்வொரு தடவையும் ப்ரொஃபைலும் (மையக்கோட்டின் வழியே உயரம் காட்டும் நீளவெட்டு) குறுக்குவெட்டும் கூடவே மாறியாக வேண்டும். ஆட்டோடெஸ்க் சிவில் த்ரீடி இதைத் தானாகச் செய்யும் மென்பொருள்தான். ஆனாலும் டிசைன் அலுவலகங்களில் ஓயாமல் காதில் விழும் கேள்வி, "மேல மாத்திட்டேன், ஷீட்ல ஏன் மாறல?" என்பதுதான்.

சர்ஃபேஸ் (சர்வே புள்ளிகளால் ஆன தரைப் பரப்பு), அலைன்மென்ட், தரை ப்ரொஃபைல், டிசைன் ப்ரொஃபைல், கோரிடார் (இவற்றிலிருந்து உருவாகும் சாலையின் முப்பரிமாண மாடல்), கோரிடார் சர்ஃபேஸ், சாம்பிள் லைன் (குறுக்குவெட்டு எடுக்கும் இடத்தைக் காட்டும் கோடு), செக்‌ஷன் வியூ, கடைசியில் அளவு அட்டவணை என்று இதில் ஒன்றை நம்பித்தான் அடுத்தது நிற்கிறது. ஷீட் மாறவில்லை என்றால் இந்த வரிசையில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. அறுந்த இடத்தைத் தேடாமல் கடைசியில் இருக்கும் ஷீட்டைத் திருத்திக்கொண்டிருந்தால் அடுத்த மாற்றத்தில் அதே சிக்கல் திரும்ப வரும்.

எவ்வளவு அவசரம் என்றாலும் லெவலைக் கையால் அடித்து ஒப்பேற்றாதீர்கள். அந்த ஷீட்டைப் பார்த்துத்தான் சைட்டில் ஆப்பு அடிக்கிறார்கள், அந்த ஆப்பைப் பார்த்துத்தான் மண்ணை வெட்டுகிறார்கள். கையால் அடித்த எண்ணுக்கும் மாடலுக்கும் தொடர்பு கிடையாது. அடுத்த மாற்றத்தில் சுற்றியுள்ள எண்கள் மாற, அது மட்டும் பழையபடி நிற்கும், யார் கண்ணுக்கும் படாது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

மாறாமல் நிற்கும் கோட்டைக் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பேலட்டைத் திறங்கள். மேலே 'ப்ரொஃபைல்', 'செக்‌ஷன்', 'ப்ரொஃபைல் வியூ' அல்லது 'செக்‌ஷன் வியூ' என்று இருந்தால் அது உயிருள்ள பொருள், மேற்கொண்டு பார்க்கலாம். 'பாலிலைன்', 'எம்டெக்ஸ்ட்', 'பிளாக் ரெஃபரன்ஸ்' என்று இருந்தால் யாரோ அதை எக்ஸ்ப்ளோட் செய்து வெறும் கோடுகளாக உடைத்துவிட்டார்கள். அது இனி எதற்கும் மாறாது. புது வியூ போடுவதைத் தவிர வழியில்லை. பழைய கோடுகளைத் தனி லேயரில் ஒதுக்கி வைத்துப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அழியுங்கள்.

அப்புறம் டூல்ஸ்பேஸில் ப்ராஸ்பெக்டர் டேபைத் திறந்து மேலிருந்து கீழே கண்ணை ஓட்டுங்கள். எந்தப் பெயருக்குப் பக்கத்திலாவது மஞ்சள் கேடயத்தில் ஆச்சரியக்குறி இருக்கிறதா? அந்தப் பொருள் காலாவதியாகி இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுக்கு மேல் இருந்தால் வரிசையில் மேலே இருப்பதிலிருந்து தொடங்குங்கள். முதலில் பாயின்ட் க்ரூப் (சர்வே புள்ளிகளின் தொகுப்பு), பிறகு சர்ஃபேஸ், அதன் பிறகு கோரிடார். கோரிடாரை முதலில் ரீபில்ட் செய்துவிட்டுச் சர்ஃபேஸுக்குப் போனால் கோரிடார் பழைய தரையில் உட்கார்ந்திருக்கும், மறுபடி செய்ய வேண்டி வரும்.

எதையும் தொடுவதற்கு முன் ஃபைலை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சில படிகள் திரும்பப் பெற முடியாதவை.

## அறிகுறி: புது சர்வே ஏற்றியாயிற்று, தரைக் கோடு அசையவில்லை

இதில் காரணங்கள் பல. ஆனால் பெரும்பாலும் முதல் மூன்றிலேயே ஆள் பிடிபடுவார்.

பாயின்ட் க்ரூப் புதுப்பிக்கப்படவில்லை. புள்ளிகள் டிராயிங்கில் வந்துவிட்டன, கண்ணால் பார்க்கிறோம், ஆனால் க்ரூப்புக்குள் அவை சேரவில்லை. ப்ராஸ்பெக்டரில் பாயின்ட் க்ரூப்ஸை ரைட் கிளிக் செய்து அப்டேட் கொடுங்கள். அதன் பிறகும் சேரவில்லை என்றால் க்ரூப்பின் விதியைப் பாருங்கள். பழைய சர்வேயின் குறியீடுகளை மட்டும் ஏற்கும்படி விதி இருக்கும். புதுக் குழு வேறு குறியீட்டில் அனுப்பியிருக்கும்.

சர்ஃபேஸில் 'ரீபில்ட் - ஆட்டோமேட்டிக்' அணைந்திருக்கிறது. பெரிய சர்ஃபேஸ் மெதுவாக இருக்கிறது என்று அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். ரைட் கிளிக் செய்து ரீபில்ட் கொடுத்தால் போதும்.

தரை ப்ரொஃபைல் ஸ்டாட்டிக்காக இருக்கிறது. ப்ரொஃபைல் வியூ ப்ராப்பர்ட்டீஸில் ப்ரொஃபைல்ஸ் டேபைத் திறந்து 'அப்டேட் மோட்' என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே ஸ்டாட்டிக் என்றிருந்தால் சர்ஃபேஸ் எத்தனை தடவை மாறினாலும் இந்தக் கோடு மாறாது. டைனமிக் ஆக்குவதற்கு முன் ஒரு கேள்வி: பழைய தரையைப் பதிவுக்காக யாராவது வேண்டுமென்றே நிறுத்தி வைத்தார்களா? வேலை தொடங்குவதற்கு முன் இருந்த தரை அளவுத் தகராறில் ஆதாரமாக நிற்கும். அப்படியானால் அதைத் தொடாமல், புதிதாக ஒரு டைனமிக் ப்ரொஃபைல் சேர்த்துவிடுங்கள்.

இந்த மூன்றும் சரி என்றால் அடுத்தது எல்லைக் கோடு. சர்ஃபேஸுக்குப் போட்ட அவுட்டர் பவுண்டரி பழைய சர்வேயின் ஓரத்தில் நிற்கும். புதுப் புள்ளிகள் அதற்கு வெளியே விழுந்திருக்கும். பவுண்டரியை விரித்து ரீபில்ட் செய்யுங்கள். அதோடு சர்ஃபேஸ் ப்ராப்பர்ட்டீஸின் டெஃபினிஷன் டேபில் ஆபரேஷன்கள் வரிசையாக இருக்கும். அதில் 'ஸ்னாப்ஷாட்' என்று ஒன்று இருந்தால் அதற்கு முந்தைய தரவில் செய்த மாற்றம் எதுவும் வெளியே தெரியாது. ரீபில்ட் ஸ்னாப்ஷாட் கொடுக்க வேண்டும்.

பழைய சர்ஃபேஸை அழித்துவிட்டு அதே பெயரில் புதுச் சர்ஃபேஸ் உருவாக்குவது பலர் செய்யும் காரியம். பெயர் ஒன்றுதானே என்று நினைக்கிறார்கள். மென்பொருள் தொடர்பை வைத்திருப்பது பெயரோடு அல்ல, அந்தப் பொருளோடு. அழித்த நொடியில் தரை ப்ரொஃபைல், கோரிடாரின் டார்கெட் (கோரிடார் போய்த் தொட வேண்டிய தரை அல்லது கோடு), குறுக்குவெட்டின் தரைக் கோடு, மண் அளவு எல்லாம் அநாதையாகிவிடும். சர்ஃபேஸை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் இருக்கும் தரவை மட்டும் மாற்றுங்கள்.

சர்வேயரை அழைக்க வேண்டிய இடம்: தரைக் கோடு மாறியது, ஆனால் ப்ரொஃபைல் வியூவை விட்டே காணாமல் போய்விட்டது என்றால் லெவலைப் பாருங்கள். கடலோர ஊரின் தரை மைனஸ் 80, மைனஸ் 90 என்று வருகிறதா? ஜி.பி.எஸ். தந்த எலிப்சாய்டு உயரத்தை (பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரம்) அப்படியே அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அந்த உயரத்துக்கும் கடல் மட்ட உயரத்துக்கும் 80 மீட்டருக்கு மேல் இடைவெளி உண்டு. ஒரு எண்ணைக் கூட்டி நீங்களே சரிசெய்யக் கூடாது. அந்த இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். பெஞ்ச்மார்க்கில் (உயரம் தெரிந்த நிலையான குறி) கட்டி லெவலைத் திரும்பத் தரச் சொல்லுங்கள். அதேபோலச் சென்னைப் பக்கம் யூ.டி.எம். (வரைபட ஆயத்தொலை முறை) கட்டத்தில் அளந்த தூரம் தரையில் நாடா பிடித்த தூரத்தைவிட ஒரு கிலோமீட்டருக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் குறையும். பத்துக் கிலோமீட்டரில் அது மூன்று மீட்டர். சைட்டின் செயினேஜும் (சாலைத் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்) ஷீட்டின் செயினேஜும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போனால் மென்பொருளைக் குடைய வேண்டாம், சர்வேயரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

## அறிகுறி: அலைன்மென்ட் மாறியது, தரைக் கோடு மாறியது, டிசைன் கோடு இடம் தவறி நிற்கிறது

இது பழுது போலத் தெரியும், பழுதில்லை. இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானதும் இதுதான்.

தரைக் கோடு சர்ஃபேஸிலிருந்து எடுக்கப்படுவதால் அலைன்மென்ட் அசைந்ததும் தானாக மாறும். டிசைன் கோடு நாம் வரைந்தது. அதன் பி.வி.ஐ. புள்ளிகள் (சரிவுகள் சந்திக்கும் இடங்கள்) செயினேஜையும் லெவலையும் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கின்றன. கிலோமீட்டர் 2-ல் ஒரு வளைவின் ஆரத்தைக் கூட்டினீர்கள், அதனால் சாலையின் நீளம் 8 மீட்டர் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டர் 5-ல் இருக்கும் பாலம் இப்போது 4992-க்கு வந்துவிட்டது. பாலத்துக்காக வைத்த பி.வி.ஐ. இன்னும் 5000-லேயே நிற்கிறது. படத்தில் 8 மீட்டர் கண்ணுக்கே தெரியாது. மூன்று சதவீதச் சரிவில் அது 24 சென்டிமீட்டர் லெவல் பிழை.

சோதிக்கும் முறை:

1. அலைன்மென்ட் மாற்றத்துக்கு முந்தைய நகலைத் திறந்து பாலம், ரயில்வே கேட், சந்திப்பு, சிறுபாலம் என்று அசையக் கூடாத இடங்களின் செயினேஜையும் லெவலையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. புது ஃபைலில் அதே இடங்களின் செயினேஜைப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று தெரியும்.
3. ப்ரொஃபைலைத் தேர்ந்து ப்ரொஃபைல் லேஅவுட் டூல்ஸைத் திறங்கள். ப்ரொஃபைல் க்ரிட் வியூ கொடுத்தால் பி.வி.ஐ. எல்லாம் அட்டவணையாக வரும். மாற்றம் நடந்த இடத்துக்குப் பிறகு வரும் பி.வி.ஐ.க்களின் செயினேஜை அந்த வித்தியாசத்துக்கு நகர்த்துங்கள்.
4. நகர்த்திய பிறகு ஒவ்வொரு வெர்ட்டிக்கல் கர்வின் (உயர வாக்கில் வரும் வளைவு) நீளமும் கே மதிப்பும் (நீளத்தைச் சரிவு மாற்றத்தால் வகுத்தது) தர அளவுக்குள் இருக்கிறதா என்று அதே அட்டவணையில் பாருங்கள். மாற்றம் நடந்த இடத்தை ஒட்டிய கர்வ் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சாலை முடிவதற்கு முன்பே டிசைன் கோடு நின்றுவிட்டால் அதற்கும் காரணம் இதேதான். அலைன்மென்ட்டை நீட்டினால் டிசைன் கோடு கூடவே நீளாது, கடைசி பி.வி.ஐ.யை நீங்கள்தான் இழுக்க வேண்டும். தரைக் கோடும் பாதியில் நின்றால் அதை உருவாக்கும்போது செயினேஜ் வரம்பைக் கையால் கொடுத்திருப்பார்கள். வியூவின் கட்டமே நீளவில்லை என்றால் ப்ரொஃபைல் வியூ ப்ராப்பர்ட்டீஸின் ஸ்டேஷன்ஸ் டேபில் 'யூசர் ஸ்பெசிஃபைட் ரேஞ்ச்' இருக்கும். கட்டத்துக்கு மேலே கோடு வெட்டுப்பட்டால் எலிவேஷன்ஸ் டேபில் உயரத்தை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

அலைன்மென்ட்டை அழித்துப் புதிதாக வரைவதை நினைத்தும் பார்க்காதீர்கள். அதோடு அதன் ப்ரொஃபைல்கள், ப்ரொஃபைல் வியூக்கள், சாம்பிள் லைன்கள் எல்லாம் போய்விடும்.

அழைக்க வேண்டிய இடம்: பாலத்தின் லெவலோ சந்திப்பின் லெவலோ மாறாமல் கர்வ் அடங்கவில்லை என்றால் இது ஃபைல் பிரச்சினையைத் தாண்டிவிட்டது. டிராஃப்டிங் மேசையில் முடிவெடுக்கக் கூடாது. டிசைன் பொறியாளரும் ஸ்ட்ரக்சர் பொறியாளரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

## அறிகுறி: கோடு சரி, கீழே பேண்டில் லெவல் தப்பு

ப்ரொஃபைலுக்குக் கீழே எண்கள் வரும் பட்டைதான் பேண்ட். அதில் ஓ.ஜி.எல். (இருக்கும் தரையின் லெவல்) வரிசையிலும் எஃப்.ஆர்.எல். (முடிந்த சாலையின் லெவல்) வரிசையிலும் ஒரே எண்கள். வெட்டு, நிரப்பு வரிசையில் எல்லாம் பூஜ்யம். இதைப் பார்த்ததும் பலர் பேண்ட் ஸ்டைலைக் குடைய ஆரம்பிக்கிறார்கள். ஸ்டைலில் தவறு இருக்காது.

ப்ரொஃபைல் வியூ ப்ராப்பர்ட்டீஸில் பேண்ட்ஸ் டேபைத் திறங்கள். அட்டவணையை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் 'ப்ரொஃபைல் 1', 'ப்ரொஃபைல் 2' என்று இரண்டு பத்திகள் வரும். டயலாக் குறுகலாக இருந்தால் இவை கண்ணில் படவே படாது, அதனால்தான் இத்தனை பேர் தவறவிடுகிறார்கள். இரண்டிலும் தரை ப்ரொஃபைலே இருக்கும். இரண்டாவதில் டிசைன் ப்ரொஃபைலைத் தேர்ந்தால் எண்கள் உடனே சரியாகிவிடும். ஒரு வியூவில் பேண்ட் பல இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

டிசைன் ப்ரொஃபைலை அழித்துப் புதிதாக வரைந்த பிறகும் இதே நிலைதான். பழையதைப் பிடித்திருந்த பேண்டுக்குப் புதியதைக் காட்ட வேண்டும். 'எஃப்.ஆர்.எல். 1', 'எஃப்.ஆர்.எல். புதியது', 'எஃப்.ஆர்.எல். இறுதி' என்று நகல்கள் பெருகிய ஃபைலில் இதைவிட மோசமாகவும் நடக்கும்: வியூவில் ஒரு ப்ரொஃபைல், பேண்டில் இன்னொன்று, கோரிடாரில் மூன்றாவது. மூன்றும் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. முடிவான ப்ரொஃபைல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேறு ஃபைலுக்கு ஒதுக்கிவிடுங்கள். இந்த ஒரு ஒழுங்கு வந்தாலே பாதித் தொல்லை தீரும் என்பது என் உறுதியான கருத்து.

குறுக்குவெட்டின் பேண்டிலும் இதே கதைதான். அங்கே செக்‌ஷன் 1, செக்‌ஷன் 2 என்று சர்ஃபேஸ்களைக் கேட்கும்.

சரிபார்க்க ஒரு எளிய வழி: ஏதாவது மூன்று செயினேஜை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரொஃபைலின் லெவல், பேண்டில் அச்சான லெவல், அதே செயினேஜின் குறுக்குவெட்டில் மையக்கோட்டு லெவல் ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் அந்த ஷீட்டை நம்பலாம். ஷீட் வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும்.

## அறிகுறி: ரீபில்ட் செய்தும் கோரிடார் பழைய வடிவத்திலேயே

கோரிடார் ப்ராப்பர்ட்டீஸில் பாராமீட்டர்ஸ் டேப். எல்லாம் இந்த ஒரே அட்டவணையில்தான் இருக்கிறது.

பேஸ்லைன் (கோரிடார் நிற்கும் அலைன்மென்ட்டும் ப்ரொஃபைலும்) வரிசையில் எந்த ப்ரொஃபைல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேலே சொன்ன நகல் ப்ரொஃபைல் இங்கே உட்கார்ந்திருக்கும். அடுத்து ரீஜனின் (கோரிடாரின் ஒரு துண்டு) தொடக்கச் செயினேஜ், முடிவுச் செயினேஜ். அலைன்மென்ட் நீண்டாலும் ரீஜன் பழைய இடத்திலேயே முடிந்திருக்கும். ரீஜனுக்குப் பக்கத்தில் உள்ள டிக் எடுக்கப்பட்டிருந்தால் அந்தத் துண்டு கட்டப்படவே படாது.

இவையெல்லாம் சரி, ஆனால் சரிவு தரையைத் தொடவில்லை அல்லது தப்பான தரையைத் தொடுகிறது என்றால் டார்கெட்டைப் பாருங்கள். 'செட் ஆல் டார்கெட்ஸ்' திறந்து டேலைட்டுக்கு (சரிவு தரையைத் தொடும் பகுதி) எந்தச் சர்ஃபேஸ் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் அங்கே 'நன்' என்றோ, பழைய சர்ஃபேஸின் பெயரோ இருக்கும். அகலப்படுத்தும் இடங்களில் அகலத்துக்கான டார்கெட் கோட்டை யாராவது அழித்திருக்கிறார்களா என்பதையும் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீபில்ட் முடிந்ததும் பனோரமா ஜன்னலில் ஈவென்ட் வியூவர் செய்திகள் வரும். அதைப் படிக்காமல் மூடிவிடும் பழக்கம் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. எந்தச் செயினேஜில் எந்தச் சப்அசெம்பிளி (லேன், ஓரம், சரிவு போன்ற ஒரு பாகம்) தடுமாறியது என்று அதில் நேராகவே எழுதியிருக்கும்.

## அறிகுறி: கோரிடார் மாறியது, குறுக்குவெட்டில் அது வரவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகவேண்டும், ஏனென்றால் ஒரே அறிகுறிக்குக் கீழே நான்கு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன.

### புதுக் கோடு எந்த வெட்டிலுமே இல்லை

சாம்பிள் லைன் க்ரூப் உருவாக்கும்போது எந்தச் சர்ஃபேஸ்கள் இருந்தனவோ அவற்றையே அது எடுத்துக்கொள்ளும். பிறகு சேர்த்த டேட்டம் சர்ஃபேஸ் (சாலைத் தளத்தின் அடிப்பரப்பு) அதற்குத் தெரியாது. க்ரூப் ப்ராப்பர்ட்டீஸின் செக்‌ஷன்ஸ் டேபில் 'சாம்பிள் மோர் சோர்ஸஸ்' கொடுத்துப் புதியதைச் சேருங்கள். அதே அட்டவணையில் அப்டேட் மோட் டைனமிக்காக இருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்த்தும் கோடு தெரியவில்லை என்றால் செக்‌ஷன் வியூ க்ரூப்பின் ப்ராப்பர்ட்டீஸில் அந்தச் சர்ஃபேஸுக்கு 'டிரா' டிக் இல்லை, அல்லது ஸ்டைலில் அது மறைந்திருக்கிறது.

### சில செயினேஜில் மட்டும் இல்லை

புதிதாக நீண்ட பகுதிக்குச் சாம்பிள் லைனே போடப்பட்டிருக்காது; அது தானாக முளைக்காது. சாம்பிள் லைனைச் சேர்த்த பிறகும் அதற்கான செக்‌ஷன் வியூவை நீங்கள் தனியாக உருவாக்க வேண்டும். 'அப்டேட் க்ரூப் லேஅவுட்' இருக்கிற வியூக்களை ஷீட்டில் ஒழுங்காக அடுக்கும், இல்லாததை வரவழைக்காது.

அலைன்மென்ட் வளைந்த இடத்தில் ப்ளானுக்குப் போய்ப் பாருங்கள். சாம்பிள் லைன்கள் மையக்கோட்டுக்குச் செங்குத்தாக, சரியான செயினேஜில் நிற்கின்றனவா? சாய்ந்து கிடந்தால் அந்த வெட்டில் சாலை உண்மையைவிட அகலமாகத் தெரியும், மண் அளவும் கூடும். சாம்பிள் லைன் ப்ராப்பர்ட்டீஸில் 'லாக் டு ஸ்டேஷன்' எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, சாய்ந்தவற்றை மட்டும் அழித்துத் திரும்பப் போடுங்கள். சாம்பிள் லைனை அழித்தால் அதன் செக்‌ஷன் வியூவும் சேர்ந்து போகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதிய குறிப்புகள் ஏதாவது அந்த வெட்டின் மேல் இருந்தால் முன்பே குறித்து வையுங்கள்.

### வெட்டு ஓரத்தில் அறுந்து நிற்கிறது

லெவல் ஏறியது, கரை உயர்ந்தது, சரிவின் அடி வெளியே போய்விட்டது. சாம்பிள் லைனின் அகலம் பழைய கரைக்குப் போட்டது. ஸ்வாத் அகலத்தை (மையக்கோட்டிலிருந்து சாம்பிள் லைன் நீளும் தூரம்) இரு பக்கமும் கூட்டுங்கள். அதன் பிறகும் அறுந்தே தெரிந்தால் செக்‌ஷன் வியூவின் ஆஃப்செட் வரம்பு கையால் கொடுக்கப்பட்டிருக்கும். உயர வரம்பையும் கூடவே பாருங்கள். கரை உயரும் என்று எதிர்பார்க்கும் வேலையில் தொடக்கத்திலேயே அகலத்தைத் தாராளமாக வைப்பது நல்லது. நில எல்லைக் கல் வெட்டுக்குள் தெரிவது நிலம் எடுக்கும் பிரிவுக்கும் உதவும்.

### கோடு வருகிறது, வடிவம் விசித்திரமாக இருக்கிறது

சரிவின் அடியைத் தாண்டி ஒரு கோடு நேராக எங்கோ ஓடுகிறதா? கோரிடார் சர்ஃபேஸுக்குப் பவுண்டரி இல்லை. வளைவுகளின் உள்பக்கத்தில் சம்பந்தமில்லாத இரண்டு ஓரங்களை முக்கோணங்கள் இணைத்துவிடுகின்றன. கோரிடார் ப்ராப்பர்ட்டீஸின் பவுண்டரீஸ் டேபில் கோரிடாரின் வெளி விளிம்பையே அவுட்டர் பவுண்டரியாகக் கொடுங்கள்.

டேட்டம் கோடு நடுவில் மேலும் கீழும் தாவினால் சர்ஃபேஸஸ் டேபில் ஓவர்ஹாங் கரெக்‌ஷனை 'பாட்டம் லிங்க்ஸ்' ஆக்குங்கள். டாப் சர்ஃபேஸுக்கு 'டாப் லிங்க்ஸ்'. சாம்பிள் லைன் விழும் செயினேஜில் கோரிடாரின் அசெம்பிளி (சப்அசெம்பிளிகள் சேர்ந்த குறுக்குவெட்டு அமைப்பு) இல்லாவிட்டாலும் வெட்டு சரியாக வராது. கோரிடாரின் ஃப்ரீக்வென்சி (அசெம்பிளி வைக்கும் இடைவெளி) 25 மீட்டர், சாம்பிள் லைன் 20 மீட்டர் என்று வைத்தால் இரண்டும் நூறு மீட்டருக்கு ஒருமுறைதான் சந்திக்கும். ஃப்ரீக்வென்சியை 10 அல்லது 20 ஆக்குங்கள், வளைவில் 5.

அழைக்க வேண்டிய இடம்: அலுவலகமே தயாரித்த சப்அசெம்பிளி ஒரு கணினியில் சரியாகவும் இன்னொன்றில் உடைந்தும் வந்தால், அதன் பி.கே.டி. ஃபைல் அந்தக் கணினியில் இம்போர்ட் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆகியிருந்தும் உடைகிறது என்றால் அதை எழுதியவரிடம் கொடுங்கள். உள்ளே கை வைக்க வேண்டாம்.

## அறிகுறி: என் கணினியில் புதியது, அடுத்தவர் கணினியில் பழையது

டேட்டா ஷார்ட்கட் (ஒரு ஃபைலின் பொருளை இன்னொரு ஃபைலில் ரெஃபரன்ஸாகக் காட்டும் வசதி) வழியாக வேலை செய்யும் குழுவில் மட்டும் வருவது.

மூல ஃபைலில் மாற்றியவர் சேவ் செய்தாரா என்று கேளுங்கள். சேவ் ஆகாத மாற்றம் யாருக்கும் போகாது. சேவ் ஆகியிருந்தால், பயன்படுத்தும் ஃபைலில் அந்த ரெஃபரன்ஸை ரைட் கிளிக் செய்து 'சிங்க்ரனைஸ்' கொடுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் வொர்க்கிங் ஃபோல்டர் எது என்று இரு கணினியிலும் ஒப்பிடுங்கள். ஒருவருக்கு சர்வர், இன்னொருவருக்கு தன் டெஸ்க்டாப்பில் எடுத்த நகல் என்று இருக்கும். ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தால் தொடர்பு அறுந்துவிடும். 'வேலிடேட் டேட்டா ஷார்ட்கட்ஸ்' கொடுத்தால் எது அறுந்தது என்று காட்டும், பிறகு ரிப்பேர் செய்யலாம்.

ரெஃபரன்ஸை யாராவது 'ப்ரமோட்' செய்திருந்தால் அது சொந்தப் பொருளாகிவிட்டது. இனி மூலத்தோடு உறவில்லை. அதை நீக்கிவிட்டு ரெஃபரன்ஸைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இரண்டு கணினியில் இரண்டு வெர்ஷன் இருந்தால் அதற்கு இங்கே மருந்தில்லை. புது வெர்ஷனில் சேவ் செய்த சிவில் த்ரீடி பொருள்கள் பழையதில் உயிரற்றதாகத் திறக்கலாம். வேலை முடியும்வரை எல்லோரும் ஒரே வெர்ஷனில் இருக்க வேண்டும். இதை முடிவு செய்யவேண்டியவர் கேட் (CAD) மேனேஜர்.

## அறிகுறி: வெட்டுகள் மாறின, மண் அளவு மாறவில்லை

அட்டவணை போடும்போது ஸ்டாட்டிக் என்று தேர்ந்திருந்தால் அது வெறும் எழுத்து. டைனமிக்காகத் திரும்பப் போடுங்கள். அப்புறம் 'கம்ப்யூட் மெட்டீரியல்ஸ்' திறந்து எந்தச் சர்ஃபேஸோடு எது ஒப்பிடப்படுகிறது என்று பாருங்கள். தரைக்கு எதிராக டேட்டம் இருக்க வேண்டிய இடத்தில் டாப் இருந்தால், நிரப்பும் இடத்தில் சாலைத் தளத்தின் கனம் முழுவதும் மண்ணாகக் கணக்காகிவிடும். தளம் 12 மீட்டர் அகலம், கனம் 500 மில்லிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6,000 கன மீட்டர் தப்பு. அட்டவணை அழகாக இருக்கும், எண் மட்டும் பொய். ஒரே ஒரு வெட்டின் பரப்பைக் கையால் கணக்கிட்டு ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

ஒப்பந்ததாரருக்கு ஏற்கெனவே பணம் கொடுத்த அளவோடு புது அளவு மோதினால் மாடலை மேற்கொண்டு தொடாதீர்கள். இரண்டு ஃபைலையும் தேதியோடு பத்திரப்படுத்திவிட்டு குவான்டிட்டி பொறியாளரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: ரீபில்ட் கொடுத்தால் மென்பொருள் உறைகிறது அல்லது மூடிக்கொள்கிறது

ஆடிட் ஓட்டி, பர்ஜ் செய்து, மூடித் திறந்து பாருங்கள். திறக்கவே மறுத்தால் ரெக்கவர். இவை எதற்கும் செலவில்லை.

அடுத்து கோரிடாரின் எல்லா ரீஜனையும் டிக் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு ரீபில்ட் செய்யுங்கள். எந்த ரீஜனில் நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை. பெரும்பாலும் சந்திப்பின் சிறிய வளைவில் ஒரு மீட்டருக்கும் குறைவான ஃப்ரீக்வென்சி கொடுத்திருப்பார்கள், அல்லது டார்கெட் கோடு தன்னையே வெட்டிக்கொண்டு கிடக்கும்.

இன்னொன்று பாருங்கள்: கோரிடார் சர்ஃபேஸைத் தரைச் சர்ஃபேஸுக்குள் பேஸ்ட் செய்து, அதே தரையைக் கோரிடாருக்கு டார்கெட்டாகக் கொடுத்திருக்கிறார்களா? ஒன்று மற்றதைக் கேட்க, அது இதைக் கேட்க, சுற்றிக்கொண்டே இருக்கும். பேஸ்ட் செய்ய எப்போதும் தனிச் சர்ஃபேஸ் ஒன்று வையுங்கள், தரையைத் தரையாகவே விடுங்கள்.

நீளமான சாலையை ஒரே ஃபைலில் ஒரே கோரிடாராக வைத்திருந்தால் பிரிப்பதுதான் வழி. இது ஒருநாள் வேலையைக் கேட்கும், ஷீட் எண்களையும் பாதிக்கும், அதனால் குழுத் தலைவரிடம் சொல்லாமல் இறங்க வேண்டாம்.

ஒரே ஒரு ரீஜன், எளிய அசெம்பிளி, புதுக் காலி டிராயிங்கில் ரெஃபரன்ஸாகக் கொண்டுவந்த அலைன்மென்ட்டும் ப்ரொஃபைலும்; அதிலும் மூடிக்கொள்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். கேட் மேனேஜருக்கோ, உரிமம் விற்றவரின் தொழில்நுட்ப உதவிக்கோ போகும் நேரம் அது. அனுப்பும்போது இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்: சிக்கல் வரும் மிகச் சிறிய ஃபைல், அதன் ரெஃபரன்ஸ் ஃபைல்கள், மென்பொருளின் வெர்ஷனும் அப்டேட் எண்ணும், ஈவென்ட் வியூவர் செய்தியின் படம், கடைசியாக நன்றாக ஓடிய நகல், அதன் பிறகு செய்த மாற்றங்களின் பட்டியல். "ரீபில்ட் ஆகலை" என்று ஒற்றை வரியில் அனுப்பினால் இதையெல்லாம் கேட்டு வாங்குவதிலேயே ஒரு நாள் போய்விடும்.